மரபு தருவதும் நாம் செய்வதும்

வாசிப்பதற்கு முன்

உங்கள் குடும்பத்தாரிடையே ஒத்திருக்கும் உடற்கூறுகள் யாவை? ஒரே வீட்டில் ஒரே உணவை உண்பவர்களின் உடல்நிலை ஒரே மாதிரியாக இருக்குமா? நண்பருடன் கலந்துரையாடுக. பின்னர், பின்வரும் பகுதியை வாசித்திடுக.

“தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை” என்பது நாம் அடிக்கடி கேட்கும் பழமொழி. திருமண வீட்டிற்குச் சென்றால் உறவினர்கள் நம் முகத்தை உற்றுப் பார்த்து, “மூக்கு அப்படியே அப்பாவுடையது”, “சிரிப்பு பாட்டியுடையது” என்று சொல்வதுண்டு. அவர்கள் சொல்வது கண்ணுக்குத் தெரியும் ஒற்றுமைகளை மட்டுமே. கண்ணுக்குத் தெரியாமல் வழிவழியாக வரும் கூறுகளும் நம் உடலில் உள்ளன. இரத்தத்தில் ஓடும் கொழுப்பின் அளவு அவற்றுள் ஒன்று.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். அண்ணன் படிவம் ஐந்தில் பயில்கிறான். தங்கை படிவம் இரண்டில் பயில்கிறாள். இருவரும் ஒரே சமையலறையில் சமைத்த உணவையே உண்கிறார்கள். அண்ணன் மெலிந்த உடல்வாகு கொண்டவன். தங்கை சற்றுப் பருமனானவள். வீட்டிற்கு வருபவர்கள் எல்லாரும் தங்கையிடம், “சாப்பாட்டைக் குறைத்துக்கொள்” என்பார்கள். அண்ணனிடமோ, “நன்றாகச் சாப்பிடு” என்பார்கள்.

ஒருநாள், அவர்களின் சித்தப்பாவுக்கு 42ஆவது வயதில் மாரடைப்பு ஏற்படுகிறது. அவர் பருமனானவர் அல்லர். புகைபிடிக்கும் பழக்கமும் அவருக்கு இல்லை. இரத்தப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவர், குடும்பத்தினரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்கிறார். முதலில் தந்தைக்கும் பின்னர்ப் பிள்ளைகளுக்கும் பரிசோதனை நடக்கிறது. தங்கையின் இரத்தக் கொழுப்பு இயல்பான அளவில் இருக்கிறது. தந்தைக்கும் மெலிந்த அண்ணனுக்குமே அது மிக அதிகமாக இருக்கிறது!

இது கற்பனைக் குடும்பம்தான். எனினும், இத்தகைய முடிவு உண்மையிலேயே நிகழக்கூடியது. அஃது எவ்வாறு நிகழ்கிறது என்பதை இனி அறிந்துகொள்வோம்.

ஓர் எழுத்து மாறினால்…

நம் உடலின் உயிரணுக்களில் டி.என்.ஏ. எனும் நீண்ட இழை உள்ளது. அதனைப் பெரியதொரு நூலுக்கு ஒப்பிடலாம். அந்நூலில் ஏறக்குறைய 3 பில்லியன் எழுத்துகள் உள்ளன. அவற்றுள் புரதங்களை உருவாக்கும் குறிப்புகளைத் தாங்கிய பகுதிகளே மரபணுக்கள். மனிதருக்கு இத்தகைய மரபணுக்கள் ஏறக்குறைய 20,000 உள்ளன. ஒவ்வொரு மரபணுவிலும் பொதுவாக இரண்டு படிகள் இருக்கும். ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் நமக்கு வருகின்றன.

எந்த இருவரை எடுத்துக்கொண்டாலும் அவர்களின் டி.என்.ஏ. எழுத்துகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் ஒன்றாகவே இருக்கும். எஞ்சிய சிறு பகுதியில் காணப்படும் வேறுபாடுகளையே மரபணு மாறுபாடு என்கிறோம்.

எழுத்து மாறினால் பொருளும் மாறுமா? தமிழ்ச் சொற்களையே எண்ணிப் பாருங்கள். ‘மரம்’ என்பதில் ஓர் எழுத்து மாறி ‘மறம்’ என்றானால் பொருள் முற்றிலும் வேறாகிவிடுகிறது. ஆனால், ‘பவளம்’ என்பதைப் ‘பவழம்’ என்று எழுதினாலும் பொருள் மாறுவதில்லை. மரபணுவிலும் அப்படித்தான். பெரும்பாலான மாறுபாடுகள் எந்த விளைவையும் ஏற்படுத்துவதில்லை. சில மாறுபாடுகள் சிறிய விளைவை ஏற்படுத்துகின்றன. மிகச் சில மட்டுமே ஒரு புரதத்தின் வேலையை அடியோடு மாற்றிவிடுகின்றன.

கதவுகள் குறைந்த கல்லீரல்

கொலஸ்ட்ரால் என்றாலே தீங்கானது எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், உயிரணுக்களின் சவ்வுக்கும் சில இயக்குநீர்களின் உற்பத்திக்கும் அது தேவைப்படுகிறது. கொழுப்பு நீரில் கரையாது. ஆகவே, அது இரத்தத்தில் தனியாகப் பயணம் செய்ய இயலாது. புரதத்தோடு சேர்ந்த சிறு பொதிகளாகவே அது எடுத்துச் செல்லப்படுகிறது. அப்பொதிகளுள் ஒருவகை எல்.டி.எல். எனப்படுகிறது. இதனையே மக்கள் ‘கெட்ட கொழுப்பு’ என்கிறார்கள். தேவைக்கு மிகுதியான எல்.டி.எல். இரத்தத்தில் நெடுங்காலம் சுற்றிக்கொண்டிருந்தால், இரத்தக்குழாயின் சுவரில் சிறிது சிறிதாகப் படிந்து குழாயைக் குறுகச் செய்கிறது. இதயத்துக்குச் செல்லும் குழாயில் இப்படிவு வெடித்து இரத்தம் உறைந்தால் மாரடைப்பு ஏற்படுகிறது.

எல்.டி.எல். பொதிகளை இரத்தத்திலிருந்து அகற்றும் வேலையைப் பெரும்பாலும் கல்லீரலே செய்கிறது. கல்லீரல் உயிரணுக்களின் மேற்பரப்பில் இதற்கெனவே சிறப்பான ‘கதவுகள்’ உள்ளன. அறிவியலில் இவை எல்.டி.எல். ஏற்பிகள் எனப்படுகின்றன. பொதிகள் இக்கதவுகளின் வழியாகவே உள்ளே எடுக்கப்படுகின்றன.

இவ்வேற்பிகளை 1970களில் கண்டறிந்தவர்கள் மைக்கல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் எனும் இரு மருத்துவ அறிஞர்கள். அமெரிக்காவின் டாலஸ் நகரில் பணியாற்றிய இவர்கள், இளமையிலேயே இதயநோய்க்கு ஆளாகும் குடும்பங்களின் மருமத்தை அறிய விரும்பினர். நோயாளிகளின் தோலிலிருந்து எடுத்த உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து ஆராய்ந்தனர். இயல்பான உயிரணுக்கள் எல்.டி.எல். பொதிகளை உள்ளே எடுத்துக்கொண்டன. கடுமையான நோய் உடையவர்களின் உயிரணுக்களோ அவ்வாறு செய்யவில்லை. கதவை உருவாக்கும் மரபணுவில் ஏற்பட்ட பிழையே அதற்குக் காரணம் என்பது தெரியவந்தது. இக்கண்டுபிடிப்பிற்காக அவர்கள் இருவருக்கும் 1985ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்நிலை, மரபுவழி மிகைக் கொலஸ்ட்ரால் நோய் எனப்படுகிறது. உலக அளவில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் உள்ளது. மரபணுவின் இரண்டு படிகளில் ஒன்று பிழையாக இருந்தாலே, வேலை செய்யும் கதவுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. நம் கற்பனைக் குடும்பத்தின் அண்ணனுக்கு நேர்ந்தது இதுதான். அவன் உண்டது மிகுதியன்று. அவனுடைய கல்லீரலில் கதவுகள் குறைவு. இதனால்தான் மெலிந்த உடல் அவனைக் காக்கவில்லை.

பெற்றோருள் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு 50 விழுக்காடாகும். இது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது போன்றது. அண்ணனுக்கு ஒரு பக்கம் விழுந்தது. தங்கைக்கு மறுபக்கம் விழுந்தது. இதில் எவருடைய குற்றமும் இல்லை.

இந்நோயை அறியாமலும் சிகிச்சை பெறாமலும் இருக்கும் ஆண்களுள் ஏறக்குறைய பாதிப் பேர் 50 வயதுக்குள் இதயநோய்க்கு ஆளாகின்றனர். ஆயினும், முன்கூட்டியே கண்டறிந்தால் நிலைமை பெரிதும் மாறுகிறது. நெதர்லாந்தில் இந்நோய் உடைய 214 பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே ஸ்டேட்டின் எனும் மருந்து கொடுக்கப்பட்டது. இம்மருந்து கல்லீரல் தானே கொலஸ்ட்ரால் தயாரிப்பதைக் குறைக்கிறது. அதனால், கல்லீரல் கூடுதலான கதவுகளை உருவாக்கிக்கொள்கிறது. 20 ஆண்டுகளுக்குப் பின் ஆய்வாளர்கள் அவர்களை மீண்டும் ஆராய்ந்தனர். இதே நோயுடைய அவர்களின் பெற்றோருள் 26 விழுக்காட்டினர் 39 வயதுக்குள் இதய, இரத்தக்குழாய்ப் பாதிப்புக்கு ஆளாகியிருந்தனர். பிள்ளைகளிடையே அது 1 விழுக்காடு மட்டுமே. இந்த ஆய்வு 2019ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. ஒரே மரபணுப் பிழை. ஆனால், இரு தலைமுறையினருக்கு இருவேறு வாழ்வு!

நன்மை செய்யும் மாறுபாடு

மரபணு மாறுபாடு என்றாலே நோய் என்று பொருளன்று. பி.சி.எஸ்.கே.9 எனும் மரபணு இதற்குச் சிறந்த சான்றாகும். இம்மரபணு உருவாக்கும் புரதம், கல்லீரலின் கதவுகளைக் கழற்றி அழிக்கும் வேலையைச் செய்கிறது. 2003ஆம் ஆண்டு, பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள், சில குடும்பங்களில் இப்புரதம் அளவுக்கு மீறி வேலை செய்வதைக் கண்டறிந்தனர். அக்குடும்பத்தாரின் கொழுப்பளவு மிக அதிகமாக இருந்தது.

அப்படியானால், இப்புரதம் சரிவர வேலை செய்யாதவர்களுக்கு என்ன நேரும்? அமெரிக்க ஆய்வாளர்கள் அத்தகையவர்களைத் தேடிக் கண்டனர். அவர்களிடம் கதவுகள் மிகுதி, எல்.டி.எல். அளவு பிறந்தது முதலே குறைவு. 2006ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வின்படி, இம்மாறுபாடு உடைய ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு இதயநோய் அபாயம் மற்றவர்களைவிட 88 விழுக்காடு குறைவாக இருந்தது. இயற்கை காட்டிய இவ்வழியைப் பின்பற்றி, இப்புரதத்தைத் தடுக்கும் ஊசிமருந்துகள் உருவாக்கப்பட்டன. 2015ஆம் ஆண்டு அவை பயன்பாட்டுக்கு வந்தன.

பருமன்: பல மரபணுக்களின் கூட்டு

இனி, தங்கையின் கதைக்கு வருவோம். உடல் எடையிலும் மரபுக்குப் பங்கு உண்டா?

இவ்வினாவுக்கு விடைகாண டென்மார்க்கில் ஓர் ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. சிறுவயதில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரின் உடல் எடைநிலையை ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தனர். அவர்களின் எடைநிலை வளர்த்த பெற்றோரின் எடைநிலையோடு தொடர்புடையதாக இல்லை. பெற்ற பெற்றோரின் எடைநிலையோடுதான் தொடர்புடையதாக இருந்தது. 1986ஆம் ஆண்டு வெளிவந்த இம்முடிவு பலரையும் வியக்க வைத்தது.

சிலருக்கு ஒரே மரபணுவின் பிழையால் கடுமையான பருமன் ஏற்படுகிறது. இங்கிலாந்து ஆய்வாளர்கள் 1997ஆம் ஆண்டு, உறவுமுறையில் தொடர்புடைய இரு பிள்ளைகளைப் பற்றி எழுதினர். எட்டு வயதுப் பிள்ளையின் எடை 86 கிலோகிராம். இரண்டு வயதுப் பிள்ளையின் எடை 29 கிலோகிராம். எவ்வளவு உண்டாலும் அவர்களின் பசி அடங்கவில்லை. “போதும்” என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் லெப்டின் எனும் இயக்குநீர் அவர்களின் உடலில் முறையாக உருவாகவில்லை. பின்னர், மூத்த பிள்ளைக்கு லெப்டின் ஊசி நாள்தோறும் செலுத்தப்பட்டது. பசி தணிந்தது, ஓராண்டில் 16 கிலோகிராம் எடை குறைந்தது. அதுவரை ‘கட்டுப்பாடு இல்லாமை’ என்று கருதப்பட்டது உண்மையில் ஒரு நோய் என்பது அப்போது தெளிவாயிற்று.

இத்தகைய நோய் மிகவும் அரிது. பொதுவாகக் காணப்படும் பருமனில் நூற்றுக்கணக்கான மரபணு மாறுபாடுகள் சிறு சிறு பங்காற்றுகின்றன. சிறுதுளி பெருவெள்ளம் ஆவது போல அவை ஒன்றுசேர்ந்தே விளைவை ஏற்படுத்துகின்றன. அவற்றுள் நன்கு அறியப்பட்ட ஒன்று, 2007ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட எஃப்.டி.ஓ. மரபணு மாறுபாடாகும். இம்மாறுபாட்டைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்ற ஐரோப்பியர்கள், மாறுபாடு இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோகிராம் கூடுதல் எடை கொண்டிருந்தனர். இம்மாறுபாடு பசியையும் வயிறு நிறைந்த உணர்வையும் பாதிப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரே தட்டு உணவை உண்ட இருவருள் ஒருவருக்கு வயிறு நிறைந்துவிடலாம். மற்றவருக்கு இன்னும் பசி எடுக்கலாம்.

அப்படியென்றால், இது மாற்ற முடியாத விதியா? இல்லை. 2011ஆம் ஆண்டு, 218,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பற்றிய தரவுகள் ஒன்றாகத் தொகுத்து ஆராயப்பட்டன. சுறுசுறுப்பாக உடலியக்கம் மேற்கொள்பவர்களிடம், எஃப்.டி.ஓ. மாறுபாட்டால் கூடும் பருமன் அபாயம் 27 விழுக்காடு குறைவாக இருந்தது. மரபணு அப்படியே இருந்தது. அதன் பிடி தளர்ந்தது.

மரபணு மாறவில்லை, வாழ்க்கை மாறியது

நம் நாட்டின் நிலையைப் பார்ப்போம். தேசியச் சுகாதார, நோயுற்ற நிலை ஆய்வின்படி, 1996ஆம் ஆண்டில் மலேசியப் பெரியவர்களுள் 4.4 விழுக்காட்டினர் உடல் பருமன் உடையவர்களாக இருந்தனர். 2006ஆம் ஆண்டில் அது 14 விழுக்காடாயிற்று. 2023ஆம் ஆண்டில் 21.8 விழுக்காட்டை எட்டியது. அதே ஆண்டில், மூன்று பெரியவர்களுள் ஒருவருக்கு இரத்தத்தில் கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்தது.

இருபத்தேழு ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் மரபணுக்கள் மாறிவிடுவதில்லை. மாறியவை நம் உணவும் உடலியக்கமும்தான். நள்ளிரவிலும் உணவு கிடைக்கிறது. தே தாரேக்கில் சீனி. நாசி லெமாக்கில் தேங்காய்ப்பால். பொரித்த உணவில் எண்ணெய். நடந்து சென்ற இடத்திற்கு இன்று வாகனத்தில் செல்கிறோம். விளையாடிய நேரத்தில் திறன்பேசியைப் பார்க்கிறோம். நெய், தேங்காய்ப்பால், கொழுப்புள்ள இறைச்சி ஆகியவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு, கல்லீரலின் கதவுகளையும் குறைக்கிறது. எனவே, நல்ல மரபணு உடையவரும் உணவுப் பழக்கத்தால் தம் கொழுப்பளவை உயர்த்திக்கொள்ள முடியும்.

மரபணுவை விதைக்கும் வாழ்க்கைமுறையை மண்ணுக்கும் ஒப்பிடலாம். எந்த விதை எனும் தேர்வு நம் கையில் இல்லை. மண்ணைப் பண்படுத்துவதோ பெருமளவு நம் கையிலும், நம் குடும்பம், பள்ளி, சமூகம் ஆகியவற்றின் கையிலும் உள்ளது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, நம் குடும்பத்தின் உடல்நல வரலாற்றை அறிந்துகொள்ள வேண்டும். தாத்தா, பாட்டி, மாமா, அத்தை, சித்தப்பா போன்றோருள் எவருக்கேனும் இளவயதில் மாரடைப்பு ஏற்பட்டதுண்டா எனப் பெற்றோரிடம் கேட்டறியலாம். ஆண்களுக்கு 55 வயதுக்கு முன்னரும் பெண்களுக்கு 65 வயதுக்கு முன்னரும் இதயநோய் வந்திருந்தால், அதனை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். சிறிதளவு இரத்தத்தைச் சோதித்தே கொழுப்பளவை அறிந்துவிடலாம்.

இரண்டாவதாக, தோற்றத்தைக் கொண்டு உடல்நலத்தை எடைபோடக்கூடாது. அண்ணன் மெலிந்திருந்தான், ஆபத்து அவனிடமே இருந்தது. தங்கையின் கொழுப்பளவு இன்று இயல்பாக இருப்பதால் அவள் கவனமின்றி இருக்கலாம் என்றும் பொருளன்று. கூடுதல் எடை நீரிழிவுக்கும் உயர் இரத்த அழுத்தத்திற்கும் பிற்காலத்தில் வழிவகுக்கக்கூடும். உடலியக்கமும் சரிவிகித உணவும் இருவருக்கும் தேவை. அண்ணனுக்கு அவற்றோடு மருத்துவர் பரிந்துரைக்கும் மருந்தும் தேவைப்படலாம். உணவுக் கட்டுப்பாடு மட்டும் அவனுக்குப் போதாது.

மூன்றாவதாக, எவருடைய உடலையும் கேலி செய்யக்கூடாது. சிற்றுண்டிச்சாலையில் பருமனான நண்பரின் தட்டைப் பார்த்துச் சிரிப்பவருக்கு, அந்நண்பரின் பசியை எந்த மரபணு தூண்டுகிறது என்பது தெரியாது. அந்நண்பர் எத்தனை முறை முயன்று தோற்றார் என்பதும் தெரியாது. ஏளனம் எவருடைய எடையையும் குறைத்ததில்லை. மாலையில், “வா, திடலில் சேர்ந்து நடக்கலாம்” என்று அழைப்பதே நட்புக்கு அழகு.

அந்தக் கற்பனைக் குடும்பத்தில் இப்போது மாலை நேரத்தில் நால்வரும் சேர்ந்து நடக்கிறார்கள். அண்ணனும் தந்தையும் மருந்தைத் தவறாமல் உட்கொள்கிறார்கள். உறவினர்கள் தங்கையின் தட்டைப் பார்த்துப் பேசுவதை அம்மா அனுமதிப்பதில்லை. சித்தப்பாவின் மாரடைப்பு அக்குடும்பத்திற்கு வேதனையைத் தந்தது. ஆனால், அதனால் கிடைத்த செய்தி அண்ணனின் வாழ்நாளை நீட்டிக்கக்கூடும். நூலைப் போலத்தான் சேலை அமையும். ஆயினும், கிடைத்த நூலைக் கொண்டு எவ்வாறு நெய்வது என்பதில் நமக்கும் பங்கு உண்டு.

சொற்பொருள்

உயிரணு – உடலை உருவாக்கும் மிகச் சிறிய அலகு
இயக்குநீர் – உடலின் செயல்களை நெறிப்படுத்தும் சுரப்பு
ஏற்பி – குறிப்பிட்ட பொருளைப் பற்றி உள்ளே ஏற்கும் புரதம்
மாறுபாடு – ஒன்றிலிருந்து மற்றொன்று வேறுபட்டிருக்கும் தன்மை
தத்து – பிறர் பிள்ளையைத் தம் பிள்ளையாக ஏற்றல்
உடல்வாகு – உடலின் அமைப்பு
ஏளனம் – இகழ்ச்சியான கேலி

கருத்துணர் வினாக்கள்

1. கண்ணுக்குத் தெரியாமல் வழிவழியாக வரும் கூறாக இப்பகுதி எதனைக் குறிப்பிடுகிறது?
2. ‘மரம் – மறம்’, ‘பவளம் – பவழம்’ ஆகிய எடுத்துக்காட்டுகள் மரபணு மாறுபாட்டை எவ்வாறு விளக்குகின்றன?
3. மெலிந்த உடல் இருந்தும் அண்ணனின் இரத்தக் கொழுப்பு அதிகமாக இருந்ததற்கான காரணத்தை விளக்குக.
4. நெதர்லாந்து ஆய்வின் முடிவு எதனை உணர்த்துகிறது?
5. டென்மார்க் ஆய்வில் தத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்ததன் நோக்கம் யாதாக இருக்கலாம்?
6. 1996ஆம் ஆண்டுக்கும் 2023ஆம் ஆண்டுக்கும் இடையே மலேசியாவில் உடல் பருமன் உயர்ந்ததற்கு மரபணு மட்டுமே காரணமன்று. இக்கூற்றைப் பகுதியில் உள்ள சான்றுகளைக் கொண்டு நிறுவுக.
7. “மரபணு அப்படியே இருந்தது, அதன் பிடி தளர்ந்தது.” இவ்வரி உணர்த்தும் கருத்தை உமது சொந்த நடையில் எழுதுக.

மொழித்திறன்

ஆகவே, ஆயினும், எனினும், எனவே ஆகிய இடைச்சொற்கள் இப்பகுதியில் இடம்பெற்ற வாக்கியங்களை எடுத்தெழுதுக. அவற்றுள் காரணத்தையும் விளைவையும் இணைப்பவை யாவை? மாறான கருத்துகளை இணைப்பவை யாவை? ஒவ்வொன்றையும் பயன்படுத்திப் புதிய வாக்கியம் ஒன்றை அமைத்திடுக.

நடவடிக்கை

மூன்று தலைமுறையினரைக் காட்டும் குடும்ப மரம் ஒன்றை வரைந்திடுக. பெற்றோரின் ஒப்புதலுடன் அவர்களின் உடல்நலக் குறிப்புகளை அதில் எழுதுக. இவ்விவரம் உமக்கும் உம் குடும்பத்திற்கும் மட்டுமே உரியது. வகுப்பில் படைக்க வேண்டியதில்லை. வகுப்பில் படைப்பதற்கு, இப்பகுதியில் வரும் கற்பனைக் குடும்பத்தின் குடும்ப மரத்தைக் குழுவாக வரைந்து, நோய் எவ்வழியே வந்தது என்பதை விளக்கிடுக.